யாருடைய ப்ராப்பர்ட்டி?
கூத்துக் கட்டையும் கணினிக் கோப்பும் குறித்துச் சில குறிப்புகள்

1

நாடகக்காரர்கள் மேடைப் பொருள்களை 'ப்ராப்பர்ட்டி' என்கிறார்கள். வாள், கதாயுதம், கிரீடம், ஓலைச் சுருள், தண்ணிச் செம்பு எல்லாம் அதில் அடக்கம். அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சொத்து என்றுதான் நேர்ப்பொருள். நாடகக் கம்பெனிக்குச் சொந்தமானவை என்பதால் வந்த பெயர் அது. கட்டிக்கொண்டு ஆடுகிறவருக்குச் சொந்தமில்லை, செய்து கொடுத்தவருக்கும் சொந்தமில்லை என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது. இன்று மரமும் காகிதக்கூழும் இருந்த இடத்துக்குக் கணினிக் கோப்பும் முப்பரிமாண அச்சு எந்திரமும் வந்து சேர்கின்றன. மரம் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொத்து யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கொஞ்ச நாள் முன்பு சென்னையில் ஒரு நவீன நாடகக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். துரியோதனனின் கடைசி இரவு பற்றிய நாடகம். நடிகருக்குத் தெருக்கூத்தின் கட்டைவேடம்: கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல். உண்மையிலேயே அச்சுதான். வடமாவட்டத்துக் கூத்துக் குழு ஒன்றின் கட்டைகளைச் செல்போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியில் உருவமாக்கி, பிளாஸ்டிக் இழையில் அச்சடித்திருந்தார்கள். மேலே வண்ணமும் ஜிகினாவும். அழகாகத்தான் இருந்தது. நடிகர் கிறுகி ஆடத் தொடங்கிய நாலாவது சுற்றில், வலது புஜக்கட்டை நாடா கோக்கும் துளையில் பிளந்து, பறந்துபோய்ச் சுவரோரம் விழுந்தது.

ஒத்திகை நின்றது. கோப்பைத் தயாரித்த இளைஞர் வேறு ஊரில் இருந்தார். இன்னொன்று அச்சடிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று போனில் சொன்னார். அடவு சொல்லிக் கொடுக்க வந்திருந்த கூத்து வாத்தியார், அறுபதைத் தாண்டியவர், எழுந்து போய் உடைந்ததை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஒரு ஆணியை அடுப்பில் காட்டி, பிளவுக்கு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு ஓட்டை போட்டார். சணலால் தைத்தார். உள்பக்கம் பழைய வேட்டித் துணியைப் பசை தடவி ஒட்டினார். அரை மணி நேரத்தில் ஒத்திகை மறுபடி தொடங்கியது.

பிறகு டீக்கடையில் சொன்னார்: "பொருளு மோசமில்ல சார். லேசாத்தான் இருக்குது. ஆனா இதச் செஞ்சவரு கட்டிக்கினு ஆடிப் பாக்கல."

"எப்படிச் சொல்றீங்க வாத்தியாரே?"

"மரத்துல வரி ஓடும் இல்ல, நாடா இழுக்குற பக்கமாத்தான் வரி ஓடணும்னு பாத்து வெட்டுவாங்க. இதுல வரி குறுக்க ஓடுது. ஓட்டைய காப்பி அடிச்சாங்க. வரிய காப்பி அடிக்கல."

அச்சு எந்திரம் உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படியவைத்துத்தான் உருவத்தை எழுப்புகிறது. ஒரு அடுக்கு கால் மில்லிமீட்டருக்கும் மெலிது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே உள்ள ஒட்டுதான் அதன் பலவீனம். இழுவிசை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து, பொருளை எந்திரத்தில் எப்படிக் கிடத்துவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். எந்திரத்துக்குப் பழகியவர்களுக்கு இது பாலபாடம். வாத்தியார் எந்திரத்தைப் பார்த்ததே இல்லை. உடைந்த துண்டைப் பார்த்தே அதைப் படித்துவிட்டார்.

2

இந்தச் சம்பவத்தைச் சொன்னால் நம் நண்பர்களில் பாதிப் பேர் உடனே சந்தோஷப்படுவார்கள். 'பார்த்தீர்களா, மரபு தோற்காது' என்பார்கள். மற்ற பாதிப் பேர், 'அது தொழில்நுட்பத்தின் குற்றமில்லை, சரியாகக் கிடத்தி அச்சடித்திருந்தால் உடைந்திருக்காது' என்பார்கள். இரண்டாமவர் சொல்வது தொழில்ரீதியாகச் சரி. ஆனால் இரண்டு பேருமே வாத்தியாரின் முதல் வாக்கியத்தைக் கேட்கவில்லை. பொருள் மோசமில்லை என்றுதான் அவர் தொடங்கினார். டீ முடிந்து கிளம்பும்போது, "எங்க செட்டுக்குப் பத்து போட்டுக் குடுப்பாங்களா, என்ன செலவாகும்?" என்றும் கேட்டார்.

மரபின் புனிதம் பேசுகிறவர்கள் கட்டையைச் சுமந்தவர்களில்லை. கூத்து ஒருபோதும் புதுப்பொருளைத் தீட்டென்று ஒதுக்கியதில்லை. தீப்பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அது போய் ட்யூப் லைட் வந்தது, இப்போது எல்.ஈ.டி. வந்திருக்கிறது. ஜிகினாக் காகிதமும் கண்ணாடித் துண்டும் டப்பாப் பெயின்ட்டும் எந்த ஆகமத்தில் சொல்லப்பட்டவை? கூத்தின் அழகியலே அகப்பட்டதை எடுத்துக்கொள்வதில்தான் நின்றது. மரத்தைப் புனிதப்படுத்தும் குரல், கூத்தாடியை அருங்காட்சியகத்தில் நிறுத்தப் பார்க்கும் குரல்.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்த மரமே இன்று பழைய மாதிரி இல்லை. கட்டைகளுக்கு உகந்தது கல்யாண முருங்கை. மிருதுவான மரம், உளிக்கு எளிதில் இணங்கும், காய்ந்தால் எடையே தெரியாது. இந்த இன மரங்களின் இலையிலும் தண்டிலும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் ஒரு சிறு குளவிக்கு 2004இல் அறிவியலாளர்கள் பெயரிட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது தென்னிந்தியாவிலும் பரவியது. வேலியோரத்தில் தானாக நின்ற மரம் அடிபடும்போது, மாற்றுப் பொருள் தேடுவது துரோகமாகாது.

தொழில்நுட்ப பக்தர்கள் எந்திரம் எல்லாரையும் சமமாக்கிவிடும் என்கிறார்கள். எந்திரத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் சக் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் முதல் காப்புரிமை பெற்றார். இழையை உருக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989இல் விண்ணப்பித்தார். அந்த உரிமை 2009இல் காலாவதியாகும் வரை எந்திரம் பெரிய தொழிற்சாலைகளின் சொத்து. இங்கிலாந்தின் பாத் நகரப் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், எந்திரத்தின் வரைபடத்தையே இலவசமாக வெளியிட்டது. 2009க்குப் பிறகுதான் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு எந்திரம் வந்தது. எந்திரம் கெட்டிக்காரத்தனத்தால் மலிவாகவில்லை, சொத்துரிமை விலகியதால் மலிவானது. ஆக, அங்கேயும் ப்ராப்பர்ட்டிதான் கேள்வி.

3

கட்டை என்பது என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் அலங்காரம். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். ஆனால் இந்தக் கலைக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரே இவற்றால் வந்தது. 1990இல் காஞ்சிபுரத்தை மையமாக வைத்துக் கலைஞர்கள் கூடிச் சங்கம் அமைத்தபோதும் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மரத்துண்டின் பெயரைக் கலைக்கு வைத்துக்கொண்டவர்கள் அதை அலங்காரமாகப் பார்த்திருக்க முடியாது.

திரைக்குப் பின்னால் நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டி, திரை விலகித் துரியோதனன் வெளியே வரும் அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் களை எடுத்தவர், செங்கல் சுமந்தவர் அந்த உடம்பு. கட்டை ஏறியதும் தோள் இரண்டு மடங்கு அகலமாகிறது, தலை ஒரு முழம் உயர்கிறது. ஊர்த் தெருவில் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த சாதிகளின் ஆட்களும் இந்தக் கட்டையைப் போட்டு அரசனாக நின்றிருக்கிறார்கள். விடிந்ததும் அவிழ்த்துவைத்துவிட்டு அதே தெருவில் நடந்திருக்கிறார்கள். ஒரு இரவுக்கு மட்டும் செல்லுபடியாகும் அதிகாரத்தை உடம்பில் கட்டும் கருவி இது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதில் நுட்பங்கள் இருக்கின்றன. ஒரு கிரீடம் தகப்பனுக்கும் மகனுக்கும் பொருந்துகிறது. எப்படி? தலைக்கும் மரத்துக்கும் நடுவே வைக்கும் துணிச் சும்மாடுதான் அளவைச் சரிசெய்கிறது. ராத்திரி முழுக்க வடியும் வியர்வையை அந்தத் துணி குடிக்கிறது. இன்று நடிகரின் தலையை ஸ்கேன் செய்து மில்லிமீட்டர் சுத்தமாகக் கிரீடம் அச்சடிக்க முடியும். அது அந்த ஒரு தலைக்கு மட்டும்தான் பொருந்தும். நடிகர் மாறினால் கிரீடம் குப்பை. சும்மாடு வைத்த கிரீடம் ஒரு செட்டின் பொதுச்சொத்து. துல்லியம் சில நேரம் பொதுவுடைமைக்கு எதிரானது என்று சொன்னால் தோழர்கள் கோபிக்கக் கூடாது.

வெயில் சங்கதியும் இருக்கிறது. மலிவான எந்திரங்களில் அதிகம் ஓடுவது சோள மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். 60 டிகிரி வாக்கில் அது இளகத் தொடங்கும். பாரதக் கூத்தின் காலமோ பங்குனியில் தொடங்கும் கோடை. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் கிடந்தால் துரியோதனனின் கிரீடம் சாய்ந்துபோகும். வேறு பிளாஸ்டிக்குகள் இன்னும் சூடு தாங்கும், ஆனால் அச்சடிப்பது சிரமம். சென்னைக் குளிர்சாதன அரங்குக்குச் செய்த பொருளும் வந்தவாசிப் பக்கத்து வயல்வெளிக்குச் செய்த பொருளும் ஒன்றாக இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

4

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக வால்டர் பெஞ்சமினைக் கூப்பிடுவார்கள். எந்திர மறு உற்பத்தி பற்றி அவர் 1935–36இல் எழுதிய கட்டுரையைக் காட்டி, அச்சுக் கிரீடத்தில் 'ஒளிவட்டம்' அழிந்துவிட்டது என்று முடித்துவிடலாம். சௌகரியமான முடிவு. ஆனால் மேடைப் பொருளுக்கு அசல் என்று எது? பீமனின் அசல் கதாயுதம் எங்கே இருக்கிறது? மேடைப் பொருள் பிறக்கும்போதே நகல். அசலைத் தேடும் விமர்சனம் இங்கே வழி தவறிவிடும்.

பிராக் பள்ளியைச் சேர்ந்த இர்ஷி வெல்த்ருஸ்கி 1940இல் எழுதியது நமக்கு அதிகம் உதவும். மேடையில் மனிதனுக்கும் பொருளுக்கும் நடுவே உறுதியான எல்லைக்கோடு கிடையாது, பொருள் செயல்படுகிறதாகவும் மனிதன் வெறும் பொருளாகவும் மாறிக்கொண்டே இருக்க முடியும் என்றார் அவர். மேடைப் பொருள்கள் பற்றி 2003இல் முழு நூல் எழுதிய ஆண்ட்ரூ சோஃபர், நடிகரின் கையால் அசைக்கப்படும்போதுதான் ஒரு பொருள் மேடைப் பொருளாகிறது என்கிறார். ஆக, அசலா நகலா என்பதை விட்டுவிட்டு, உடம்போடு அதற்கு என்ன உறவு என்று கேட்க வேண்டும்.

பிரெக்டிடம் இது கண்கூடு. 1949இல் பெர்லினில் 'மதர் கரேஜ்' நாடகத்தில் ஹெலன வைகல் இழுத்த வண்டியையும், சட்டையில் செருகியிருந்த கரண்டியையும் பார்த்தவர்கள் மறக்கவில்லை. வைகல் தன் மேடைப் பொருள்களை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுப்பார் என்பதைப் பற்றி பிரெக்ட் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். உழைப்பின் தேய்மானம் படிந்த பொருள்கள் அவை. யாரோ பிடித்த பிடியும் பட்ட அடியும் அவற்றில் தெரியும். புதுப்பொருளைச் செய்து அதன்மேல் செயற்கையாக அழுக்கேற்றிப் பழசாக்கும் வேலையை இன்று எல்லா நாடகப் பட்டறைகளிலும் செய்கிறார்கள். அச்சிட்ட வாளின் அடுக்குக் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து, மக்கு பூசி, கறுப்பு வண்ணத்தைத் துடைத்தெடுத்து நூறு வருஷப் பழமை ஏற்றிவிடலாம். அது தேய்மானத்தின் படம். தேய்மானம் ஆகாது. வாத்தியார் சணலால் தைத்த தையல் இருக்கிறதே, அதுதான் அந்த அச்சுப் புஜக்கட்டையில் ஏறிய முதல் நிஜமான தேய்மானம். அதற்குப் பிறகுதான் அது கட்டை ஆனது என்பது என் எண்ணம்.

5

கோப்பு தயாரித்த கதைக்கு வருவோம். பல கோணங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே புள்ளியை அடையாளம் கண்டு, அதைக்கொண்டு கணினி உருவத்தைக் கணக்கிடுகிறது. இந்த முறைக்குக் கண்ணாடி பிடிக்காது. பளபளக்கும் பரப்பில் புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கும். பார்க்கிற இடத்துக்கு ஏற்ப வேறு வேறு பிம்பம். கணினி குழம்பி அந்த இடத்தில் ஓட்டை விடும், அல்லது கன்னாபின்னாவென்று மேடு தட்டும். அதனால் கண்ணாடி மேல் வெள்ளைப் பொடியோ, அதற்கென்று விற்கும் தெளிப்பானோ அடித்து ஒளியைக் கொன்றுவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கூத்துக் கட்டையில் முக்கால்வாசியும் கண்ணாடிதான். விளக்கொளியை வாங்கிச் சபைமேல் திருப்பி அடிப்பதற்கென்றே பதித்தவை அவை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் சிதறும் வெளிச்சம் வரைக்கும் கட்டைதான். கோப்பில் அது இல்லை. கோப்பு எடுத்துக்கொண்டது வடிவத்தை மட்டும்.

வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்து நவீனத் தமிழ் அரங்குக்குக் கொடுத்த ஊக்கம் எல்லாரும் அறிந்தது. அந்தக் கடனை முத்துசாமி மறைத்ததில்லை. அடுத்து 1984இல் சங்கீத நாடக அகாதெமி, மரபுக் கலைகளை உள்வாங்கி நாடகம் போடும் இளம் இயக்குநர்களுக்கு நிதி தரும் திட்டத்தை இந்தியா முழுக்கக் கொண்டுவந்தது. 'வேர்களின் அரங்கு' என்ற சொல்லாடல் கொடிகட்டிப் பறந்த காலம். நல்ல நாடகங்களும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அடவு வந்தது, பாட்டு வந்தது, முகப்பூச்சு வந்தது. நிதி இயக்குநருக்குப் போனது. வேர் என்று அழைக்கப்பட்டவர்கள் மண்ணுக்குள்ளேயே இருந்தார்கள். வேர் என்ற உருவகத்தின் வசதியே அதுதான், அது மேலே வர வேண்டியதில்லை.

கணினிக் கோப்பு இந்த எடுத்துக்கொள்ளலின் அடுத்த கட்டம். முன்பு அடவை எடுக்க வாத்தியாரை அழைத்து மாதக்கணக்கில் உட்காரவைக்க வேண்டும். அந்தச் சாக்கில் சோறும் சம்பளமும் கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும். கட்டையின் உருவத்தை எடுக்க ஒரு மதியம் போதும். பிறகு அந்தக் கோப்புக்கு ஆசாரியும் தேவையில்லை, செட்டும் தேவையில்லை. எங்கே வேண்டுமானாலும் அச்சாகும். சட்டம் உதவுமா என்று பார்த்தால், 1957இன் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை தருகிறது. யார் வெட்டியது என்ற பதிவே இல்லாத புஜக்கட்டைக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. ஸ்கேன் செய்து திருத்தியவர்தான் படைப்பாளியாக வந்து நிற்பார். நான் பார்த்த அந்த நாடகத்தின் அழைப்பிதழில் 'ப்ராப்பர்ட்டி வடிவமைப்பு' என்று ஒருவர் பெயர் இருந்தது. கடைசி வரியில் 'நன்றி: கூத்துக் கலைஞர்கள்' என்று இருந்தது. பன்மையில் நன்றி சொல்வது பெயரை மறைக்கும் நாகரிகமான வழி.

நானும் இதற்கு வெளியே இல்லை. எம்.ஏ. படிக்கும்போது கூத்து பற்றி ஆய்வேடு எழுதினேன். ஒப்பனை குறித்து ஒரு அத்தியாயம். கட்டைகளுக்கு ஒரு பக்கம், அளவுகளோடு. நேற்று எடுத்துப் புரட்டினேன். அதில் வெட்டியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கேட்கத் தோன்றவில்லை. என்னுடையதும் ஒருவகை ஸ்கேன்தான்.

6

அப்படியானால் கலப்பே கூடாதா? கூடும், வேண்டும் என்பதே என் கட்சி. கேரளத்துக்கும் கேப் டவுனுக்கும் கலப்பு புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்ப்ரிங் பொம்மலாட்டக் குழு 2007இல் லண்டன் தேசிய நாடக அரங்குக்காக 'வார் ஹார்ஸ்' குதிரைகளைப் பிரம்பை வளைத்துச் செய்தது. ஆள் ஏறி உட்கார உள்ளே அலுமினியச் சட்டம். 2021இல் அதே குழு செய்த 'சின்ன அமல்' என்ற மூன்றரை மீட்டர் உயர அகதிச் சிறுமி, துருக்கியிலிருந்து இங்கிலாந்து வரை 8000 கிலோமீட்டர் போனாள். பிரம்பும் கார்பன் ஃபைபரும் கலந்த உடம்பு. உள்ளே பொய்க்காலில் ஒருவர், கைகளை இயக்க இருவர். நம் பொய்க்கால் குதிரைக்காரருக்கு இதைக் காட்டினால் பாதிக்கு மேல் அவருக்கே விளங்கும். அங்கே பொம்மையை வடிவமைப்பவர்களும் ஆட்டுகிறவர்களும் ஒரே பட்டறையில் இருக்கிறார்கள். கலப்பு அவர்களுக்கு உள்ளேயே நடந்தது.

நம் ஊரில் அதை எப்படிச் செய்யலாம்? எந்திரத்தைக் கடைசிப் பொருளுக்கு வைக்காமல் அச்சுக்கு வைக்கலாம். ஆசாரி மரத்தில் வெட்டிய ஒரு கட்டையின் உருவத்தை ஒருமுறை அச்சடித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சுக்குழி எடுத்துவிட்டால், கொலு பொம்மை செய்கிறவர்களின் முறையில் காகிதக்கூழும் துணியும் புளியங்கொட்டைப் பசையும் வைத்து அழுத்தி எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். லேசாக இருக்கும், வெயிலில் இளகாது, வியர்வைக்குத் துணி உள்ளே வைக்கலாம், உடைந்தால் கூழ் வைத்துப் பூசலாம். கண்ணாடியைக் கையால் பதிக்கலாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும்படி. ஆட்டத்தில் அது சிதறும் வெளிச்சம் எந்திரத்துக்கு வராது. எந்திரம் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும், முடிவெடுக்கும் வேலை கையிடம் இருக்கட்டும்.

இதற்கு நான் வைக்கும் உரைகல் ஒன்றே ஒன்று: ராத்திரி ரெண்டு மணிக்கு உடைந்தால் அதை யார் சரிசெய்வார்? செட்டில் இருப்பவரே மராமத்து செய்ய முடிந்தால் அந்தத் தொழில்நுட்பம் அவர்களுடையதாகிவிட்டது, பிளாஸ்டிக்காக இருந்தாலும் சரி. வேறு ஊரில் இருப்பவருக்குப் போன் போட வேண்டியிருந்தால் அது இரவல், மரமாக இருந்தாலும் சரி. அழகு, அசல், மரபு என்ற அளவுகோல்களைவிட இது நேர்மையானது என்று நினைக்கிறேன்.

ஆகவே நாடகக் குழுத் தோழர்களுக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, ஸ்கேன் செய்த கோப்பின் ஒரு பிரதி அந்தக் கூத்து செட்டிடம் இருக்க வேண்டும், வேறு எவருக்கும் கொடுக்குமுன் அவர்களிடம் கேட்க வேண்டும். இரண்டு, அச்சடிக்கும் ஒவ்வொன்றுக்கும் செட்டுக்குக் காசு. கொஞ்சமாக இருந்தாலும் கணக்காக. மூன்று, அழைப்பிதழில் வெட்டியவர் பெயர். தெரியாவிட்டால் ஊருக்குப் போய்க் கேளுங்கள். யாராவது ஒரு கிழவருக்கு ஞாபகம் இருக்கும்.

பாரதக் கூத்தின் கடைசி நாளில் ஊருக்கு வெளியே துரியோதனனை மண்ணால் செய்து படுக்கவைப்பார்கள். ஒரு ஆள் அதன்மேல் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிசு. பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள், அத்தோடு உருவம் முடிந்தது. அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. அடுத்த முறை மறுபடி மண் குழைக்க வேண்டும், தெரிந்த கை வேண்டும். நாம் ஸ்கேன் செய்து சேமிக்க வேண்டியது அந்த உருவத்தையா, அடுத்த முறையும் அந்தக் கை அந்த ஊரில் இருப்பதற்கான வழியையா?

வாத்தியார் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை. பத்துக் கட்டை, என்ன செலவாகும்? அந்தக் குழுவிடம் ரெண்டு முறை சொல்லிவிட்டேன். இங்கே மூன்றாம் முறை எழுதிவைக்கிறேன்.